செய்தி யார் கையில்? போருக்குள் வாழும் பெண்களைப் பற்றிய நான்கு அரபுப் படங்களில் ஒன்றைத் தேர்வது

மாதம் ஒரு படம் பார்த்து, முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அதைப் பற்றிப் பேசிவிட்டுக் கலையும் சிறிய திரைக்குழு ஒன்றில் நானும் உறுப்பினன். போருக்குள் வாழும் பெண்களைப் பற்றிய அரபு மொழிக் கதைப்படம் ஒன்றை அடுத்த கூடுகையில் திரையிடலாம் என்று முடிவானபோது, எந்தப் படம் என்று தேர்ந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்டியலில் கடைசியாக நான்கு படங்கள் எஞ்சின: 2007இல் வந்த லெபனான் படம் ‘தஹ்த் அல்-கஸ்ஃப்’, 2011இல் வந்த மற்றொரு லெபனான் படம் ‘வ ஹல்ல லவேன்’, சிரியப் போரைப் பற்றி 2017இல் வந்த ‘இன்சிரியேட்டட்’, 2021இல் வந்த ஜோர்தான் படம் ‘ஃபர்ஹா’. நான்கும் நல்ல படங்கள். எதைத் திரையிட்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆயினும் ஒரு மாலைக்கு ஒரு படம்தான் என்கிறபோது, நல்ல படம் என்பது மட்டும் தேர்வுக்குப் போதுமான காரணமாக இருப்பதில்லை.

விட்டுவிட்டவற்றையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அலெப்போ முற்றுகைக்குள் தன் மகளுக்காக ஒரு தாய் படம்பிடித்த ‘ஃபார் சாமா’ ஆவணப்படம் என்பதால் இந்த வரிசையில் சேரவில்லை. கதைப்படங்களோடு அதை ஒப்பிடுவது இரு தரப்புக்கும் நியாயமாகாது. கனடா நாட்டுப் படமான ‘இன்சென்டீஸ்’ லெபனான் போரை நினைவூட்டினாலும் பெரும்பகுதி பிரெஞ்சில் பேசுகிறது. அல்ஜீரியாவின் தொண்ணூறுகளைப் பற்றிய ‘ரஷீதா’ எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அந்தப் போரின் பின்னணியும் அந்த நாட்டின் பேச்சு வழக்கும் முற்றிலும் வேறானவை. எஞ்சிய நான்கு படங்களும் ஷாம் என்று அரபியர் அழைக்கும் நிலப்பரப்பைச் சேர்ந்தவை, அதாவது சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்தான். நான்கின் மாந்தரும் ஒருவர் பேச்சை மற்றவர் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய கிளைவழக்குகளில் பேசுகிறார்கள். ஒப்பிட அது வசதியாக இருந்தது.

முதல் முறை பார்த்தபோது நடிப்பு, விருது, ஓடும் நேரம் என்று வழக்கமான அளவுகோல்களையே குறித்துக்கொண்டேன். அவற்றால் பெரிய பயன் விளையவில்லை. இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் நான்கு கதைகளும் ஒரே அச்சில் சுழல்வது புலப்பட்டது: நான்கிலும் ஒரு மரணச் செய்தி, அல்லது ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்ற செய்தி, யாரோ ஒருவரிடம் இருக்கிறது; அது இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது; நடுவில் யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். குண்டும் துப்பாக்கியும் திரைக்கு வெளியே ஒலித்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள் நடக்கும் போர் இந்தச் செய்தியைச் சுற்றியே நடக்கிறது.

இது கற்பனையாளர்கள் கண்டெடுத்த உத்தி மட்டுமன்று. 1975 முதல் 1990 வரை நடந்த லெபனான் உள்நாட்டுப் போரில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை சுமார் 17,000 என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1982இல் கணவர் கடத்திச் செல்லப்பட்டபின் விதாத் ஹல்வானி என்ற பெண்மணி, தம்மைப் போன்றவர்களைத் திரட்டி, கடத்தப்பட்டோர் மற்றும் காணாமல் போனோர் குடும்பங்களின் குழுவை உருவாக்கினார். போர் முடிந்த மறு ஆண்டே, 1991இல், அரசு பொது மன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிவிட்டது. காணாமல் போனோர் பற்றி அறியும் உரிமை அவர்களுடைய குடும்பங்களுக்கு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதோ 2018 நவம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் புகைப்படங்களை நெஞ்சோடு அணைத்தபடி பெய்ரூட்டில் வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளுமே. போர் பெண்களிடமிருந்து ஆட்களை மட்டுமல்ல, அந்த ஆட்களைப் பற்றிய செய்தியையும் பறித்துக்கொள்கிறது என்பதை அந்தச் சமூகம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆகவே செய்தி யார் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார், அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

‘தஹ்த் அல்-கஸ்ஃப்’ என்றால் குண்டுவீச்சின் கீழ் என்று பொருள். 2006 ஜூலை 12 முதல் ஆகஸ்ட் 14 வரை இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே நடந்ததும், லெபனான் மக்கள் ஜூலைப் போர் என்று அழைப்பதுமான போரே இதன் களம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட லெபனானியர் அதில் இறந்தார்கள். சுமார் பத்து லட்சம் பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள். துபாயில் வாழும் ஸைனா, போர்நிறுத்தம் வந்தவுடன் துருக்கி வழியாகப் பெய்ரூட்டில் வந்து இறங்குகிறாள். தெற்கே கிர்பெத் சலம் என்ற ஊரில் அவளுடைய சகோதரி வீட்டில் அவளுடைய சிறுவயது மகன் இருக்கிறான், அல்லது இருந்தான். தெற்கே வர எந்த டாக்சி ஓட்டுநரும் ஒப்பவில்லை. டோனி என்ற ஒருவன் மட்டும் பணத்துக்காக ஒப்புக்கொள்கிறான். அவள் ஷியா முஸ்லிம், அவன் கிறிஸ்தவன். பாலங்கள் உடைந்த சாலைகளில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த வண்டியே படம்.

மற்ற மூன்று படங்களிலும் பெண்கள் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள், அல்லது செய்தியைப் பூட்டி வைக்கிறார்கள். இந்த ஒரு படத்தில் மட்டும் ஒரு பெண் செய்தியைத் தேடி வெளியே கிளம்புகிறாள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் ஒரு துண்டு சொல்கிறார். அடுத்த ஊரில் இன்னொருவர் அதை மறுக்கிறார். நம்பிக்கை சில கிலோமீட்டர்களுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது.

இதன் பெரும் பலமும் பெரும் சங்கடமும் ஒன்றேதான். இயக்குநர் ஃபிலிப் அரக்திஞ்சி, போரின் புகை அடங்குமுன்பே படப்பிடிப்பைத் தொடங்கி, உண்மையான இடிபாடுகளுக்கு நடுவே கதையை நடத்தினார். ஸைனாவாக வரும் நதா அபூ ஃபர்ஹாத், டோனியாக வரும் ஜார்ஜ் கப்பாஸ் போன்ற மிகச் சில தொழில்முறை நடிகர்களைத் தவிர, திரையில் தெரியும் பெரும்பாலானோர் தங்களாகவே வந்துபோகிறவர்கள்: அகதிகள், செய்தியாளர்கள், வீடிழந்தவர்கள், பிணங்களைத் தோண்டியெடுப்பவர்கள். உண்மையாகவே பிள்ளையை இழந்த ஒரு பெண்ணின் அருகில், பிள்ளையைத் தேடுவதாக நடிக்கும் ஒரு பெண் நின்று அழுகிறாள். முதல் முறை அந்தக் காட்சிகள் என்னை உலுக்கிவிட்டன. இரண்டாம் முறை, இந்தத் துயரத்தைக் கடன் வாங்க யார் அனுமதி தந்தார்கள் என்ற கேள்வி இடையறாது குறுக்கிட்டது. அந்த மக்கள் தாங்களாகவே கேமரா முன் வந்து பேசியிருக்கலாம். பேச வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்திருக்கவும் கூடும். ஆயினும் நடிகையின் கண்ணீருக்கு ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கிறது, அருகில் நிற்பவளுக்கு அது இல்லை என்ற ஏற்றத்தாழ்வை என்னால் மறக்க இயலவில்லை. இதைப் பற்றியே ஒரு மாலை முழுவதும் விவாதிக்கலாம். ஆனால் அது திரைப்பட அறத்தைப் பற்றிய விவாதமாகத்தான் போகும், போருக்குள் வாழும் பெண்களைப் பற்றியதாக இராது. நடுவே ஸைனாவுக்கும் ஓட்டுநருக்கும் இடையே மலரும் நெருக்கம் சற்று வலிந்து நுழைக்கப்பட்டதாகவும் எனக்குத் தோன்றுகிறது.

‘வ ஹல்ல லவேன்’ அடுத்தது. லெபனான் பேச்சு வழக்கில் இதற்கு ‘இனி எங்கே’ என்று பொருள். எங்கள் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினால் இதுவே வெல்லும் என்பதில் ஐயமில்லை. பாட்டு உண்டு, சிரிப்பு உண்டு, அண்டைவீட்டுச் சண்டை உண்டு. நதீன் லபக்கி இயக்கி, முக்கியப் பாத்திரம் ஒன்றிலும் நடித்த இந்தப் படம், 2011இல் டொராண்டோ விழாவில் மக்கள் தேர்வு விருதைப் பெற்றது. 2008 மே 7 அன்று பெய்ரூட் தெருக்களில் ஆயுத மோதல் வெடித்தபோது, தாம் கருவுற்றிருப்பதை அதே நாளில் அறிந்ததாகவும், தம் பிள்ளை துப்பாக்கி தூக்கி வெளியே போனால் அதைத் தடுக்க எதுவரை போவேன் என்ற எண்ணத்திலிருந்தே கதை பிறந்ததாகவும் லபக்கி சொல்லியிருக்கிறார்.

கதை நடக்கும் மலைக்கிராமத்துக்குப் பெயர் கிடையாது. சுற்றிலும் கண்ணிவெடிகள், வெளியே போக ஒரே ஒரு சிதைந்த பாலம். பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. தொடக்கக் காட்சியில் கறுப்புடுத்த பெண்கள் கூட்டமாக, தாளத்துக்கு அசைந்தபடி மயானத்துக்கு நடக்கிறார்கள். அங்கே போனதும் முஸ்லிம்கள் ஒரு பக்கமும் கிறிஸ்தவர்கள் மறுபக்கமும் பிரிகிறார்கள். ஊருக்குத் தொலைக்காட்சி வருகிறது. வெளியே எங்கோ மதக்கலவரம் என்று அது அறிவிக்கத் தொடங்கிய கணத்தில், ஆண்கள் காதில் அது விழாதிருக்கப் பெண்கள் தங்களுக்குள் உரக்கச் சண்டை பிடிக்கிறார்கள். என் அளவுகோலுக்கு இதைவிட நேரடியான காட்சி வேறு கிடைக்காது. செய்தி வெறும் சொல்லாக இல்லாமல், தீக்குச்சியாக ஊருக்குள் வருகிறது. பெண்கள் அதன் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதன்பின் அவர்கள் செய்யும் தந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பெருகுகின்றன: மாதா சிலை கண்ணீர் வடிப்பதாக ஒரு நாடகம், உக்ரைனிலிருந்து வந்த நடனப் பெண்களை ஊருக்கு அழைத்து வருதல், ஹஷீஷ் என்ற போதைப்பொருள் கலந்த பலகாரம்.

சிரிப்பின் நடுவே தக்லா என்ற தாய்க்குத் தன் இளைய மகன் ஊருக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிக்கி இறந்துவிட்ட செய்தி வருகிறது. அவள் அழக் கூடாது. அழுதால் ஊர் அறியும். ஊர் அறிந்தால் அவளுடைய மூத்த மகன் பழிவாங்கத் துப்பாக்கி எடுப்பான். பிள்ளைக்கு அம்மைக்கட்டு, யாரும் பக்கத்தில் வர வேண்டாம் என்று சொல்லி, இறந்த உடலை ஒளித்து வைத்துக்கொண்டு அவள் வீட்டு வேலைகளைச் செய்கிறாள். நடுவில் தேவாலயத்துக்குப் போய் மாதாவின் சிலையைப் பார்த்துக் கத்துகிறாள். படத்தின் இதயம் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. கிளோட் பாஸ் முசவ்பா அதைச் சுமந்திருக்கும் விதத்தை மறுமுறை பார்க்கவே நான் இந்தப் படத்துக்குத் திரும்பிப் போவேன்.

ஆயினும் இதை நான் தேர்வு செய்யவில்லை. காரணம், இங்கே பெண்களின் பொய் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் பலிக்கிறது. ஆண்கள் அனைவரும் பெரிய குழந்தைகள். இனிப்புக் கொடுத்தால் தூங்கிவிடுகிறார்கள், தூங்கும்போது துப்பாக்கிகளைப் புதைத்துவிடலாம். இது கட்டுக்கதை என்று படமே ஒப்புக்கொள்கிறது, அதில் தவறில்லை. ஆனால் படம் முடிந்து பேச உட்கார்ந்தால், பெண்கள் ஆண்டால் போரே வராது என்ற இனிய வாக்கியத்தில் எங்கள் குழு பத்தாவது நிமிடத்தில் போய் நின்றுவிடும் என்பதை அனுபவத்தால் அறிவேன். மத நம்பிக்கையை இடம் மாற்றிக்கொள்வது தொடர்பாகக் கடைசியில் அவர்கள் எடுக்கும் முடிவு அருமையான நாடகம். அடுத்த நாள் காலை என்ன ஆகும் என்று யோசித்தால் உடைந்துவிடும் நாடகமும்கூட. படத்தின் பெயரே அதை அறிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

‘ஃபர்ஹா’ இவை இரண்டுக்கும் நேர் எதிர்முனையில் நிற்கிறது. 1948இல், அரபியர் நக்பா, அதாவது பேரழிவு, என்றழைக்கும் ஆண்டில், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊர்களை இழந்தார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றுப் போயின. அவற்றுள் ஒன்றாகக் கற்பனை செய்யப்பட்ட ஊரில், பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று தந்தையிடம் மன்றாடும் 14 வயதுப் பெண் ஃபர்ஹா. ஊர் தாக்கப்படும் நாளில், ஊர்த்தலைவரான தந்தை அவளை உணவுப்பொருள் சேமிக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிப் போகிறார். அதன்பின் படத்தின் பெரும்பகுதி அந்த அறைக்குள்தான். கதவின் விரிசலிலும் சுவரின் துளையிலும் தெரிவது மட்டுமே அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிவது மட்டுமே நமக்குத் தெரியும். சாக்குத்துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு படையினரோடு வரும் ஆள்காட்டி ஒருவன் அந்த விரிசல் வழியே தெரியும் இடம் உண்டு: நான்கு படங்களிலும் செய்தியை விற்க வருபவன் அவன் ஒருவன்தான்.

இயக்குநர் டாரின் சல்லாமுக்கு இது முதல் முழுநீளப் படம். இப்படி ஓர் அறையில் அடைபட்டுத் தப்பிய பெண் ஒருவர் பிற்காலத்தில் சிரியாவில் தம் கதையைச் சொல்ல, அது இயக்குநரின் தாய் வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. அதாவது இந்தப் படமே பெண்களின் வாய்வழி கடந்துவந்த ஒரு செய்தி. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, இஸ்ரேலில் அமைச்சர்களே இதைக் கண்டித்தார்கள். யாஃபா நகரில் இதைத் திரையிட்ட அரங்கின் அரசு நிதியை நிறுத்த வேண்டும் என்று அன்றைய நிதியமைச்சர் முயன்றார். அவர்களைச் சீற வைத்த காட்சி, ஒரு குடும்பம் முற்றத்தில் கொல்லப்படுவதும் பச்சிளங்குழந்தை ஒன்று தரையில் விடப்படுவதும். வெகு அருகில் இருந்தும் எதுவும் செய்ய இயலாத சிறுமியின் கண் வழியாக அது காட்டப்படுகிறது.

நான்கில் வடிவத்தால் மிகத் தூய்மையானது இதுவே. ஆனால் என் அளவுகோல் இங்கே மெலிந்துவிடுகிறது: ஃபர்ஹா செய்தியைத் தடுத்து வைக்கவும் இல்லை, தேடிப் போகவும் இயலவில்லை, தந்தை எங்கே என்ற ஒரே செய்தி அவளுக்கு மறுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் சாட்சி, பார்ப்பதைத் தவிர வேறு தேர்வு அவளுக்கு விடப்படவில்லை. அதுதான் உண்மை என்று வாதிடலாம், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் பார்வையாளர்களாகிய எங்களுக்கும் அதே நிலைதான் வாய்க்கும். திரையிட்டு முடித்தபின் அங்கே பேச்சு எழாது, மௌனம்தான் எழும். 1948ஐப் பற்றி முன்பே கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் மௌனத்துக்குப் பின் பேச்சும் வரும் என்பதால், இதைத் தனி மாதத்துக்கு ஒதுக்கிவைக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

இனி ‘இன்சிரியேட்டட்’. டமாஸ்கஸில் ஓர் அடுக்குமாடி வீடு. ஏறத்தாழ ஒரு முழு நாள். கதவுக்குக் குறுக்கே மரக்கட்டை. வெளியே எங்கிருந்து சுடுவான் என்று தெரியாத ஸ்னைப்பர். குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டின் தலைவி உம்மு யஸன்; யஸனின் தாய் என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு பெயரைப் படம் தருவதில்லை, அரபு வழக்கில் அதுவே மதிப்பான அழைப்பு. கணவர் வெளியே போனவர் திரும்பவில்லை. மாமனார், இரு மகள்கள், மகன், மூத்த மகளைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட இளைஞன், பணிப்பெண் டெல்ஹானி, மேல்தளத்து வீடு குண்டில் சிதைந்ததால் கைக்குழந்தையோடு இங்கே தஞ்சம் புகுந்த ஹலீமா, அவளுடைய கணவன் ஸமீர் என்று இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ். அன்றிரவே பெய்ரூட்டுக்குத் தப்பிப் போக ஏற்பாடு செய்வதற்காகக் காலையில் ஸமீர் வெளியே இறங்குகிறான். வாகனம் நிறுத்தும் திடலைக் கடக்கும்போது சுடப்பட்டு விழுகிறான்.

அதைச் சன்னல் வழியே பார்த்தவள் டெல்ஹானி ஒருத்திதான். ஓடிவந்து தன் எஜமானியிடம் சொல்கிறாள். ஹலீமாவிடம் சொல்லக் கூடாது என்று உம்மு யஸன் தடுத்துவிடுகிறாள். சொன்னால் ஹலீமா வெளியே ஓடுவாள்; அவளும் சுடப்படுவாள்; கதவைத் திறந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து. இருட்டும் வரை காத்திருக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் ஹலீமா அந்த நாள் முழுவதும் கணவனுக்காகத் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, போகப் போகிற ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் தரையைத் துடைக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளைகளை அதட்டுகிறார்கள். பிற்பகலில் அந்நியர் இருவர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். குடும்பம் சமையலறைக்குள் ஒளிந்துகொள்ள, குழந்தையோடு இருந்த ஹலீமா வெளியே அகப்பட்டுக்கொள்கிறாள். அவள்மேல் நடக்கும் வன்கொடுமையை மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார்கள். கதவைத் திறக்காதே என்று பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கும் அதே கை, காலையில் செய்தியை அடக்கி வைத்த கை.

தக்லாவின் பொய்யும் உம்மு யஸனின் பொய்யும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும்: இருவரும் பிறரைக் காப்பாற்றவே மறைக்கிறார்கள். வேறுபாடு, தக்லா மறைப்பது தன் சொந்த மகனின் சாவை. அதன் விலையை அவளே கொடுக்கிறாள். உம்மு யஸன் மறைப்பது அடுத்தவளின் கணவனைப் பற்றிய செய்தியை. விலையை ஹலீமா கொடுக்கிறாள். அப்படி மறைக்கும் உரிமையை உம்மு யஸனுக்கு யார் தந்தது, வீடு அவளுடையது என்பதா, அவள் மூத்தவள் என்பதா என்ற கேள்விக்குப் படம் விடை தருவதில்லை. ஹியாம் அப்பாஸ் அந்த முகத்தை இறுக்கமாகவே வைத்திருக்கிறார். நம் இரக்கத்தை வேண்டி ஒரு கணமும் தளர விடுவதில்லை. ஹலீமாவாக டியாமண்ட் பூ அப்பூத் வரும் கடைசி அரைமணி நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே பார்க்கப் போகிறவர்களுக்கு நல்லது.

டெல்ஹானியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் தேர்வைச் சாய்த்தவள் அவள்தான். அவள் எந்த நாட்டவள் என்பதைப் படம் வலியுறுத்திச் சொல்லவில்லை. பெயர் மட்டும் இலங்கையில் வழங்கும் தில்ஹானி என்ற பெயரை நினைவூட்டுகிறது. லெபனானில் வீட்டுப் பணிப்பெண்ணைக் குறிக்க ‘ஸ்ரீலங்கியே’ என்ற சொல்லே வழங்கிவந்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவளையும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவளையும்கூடச் சிலர் அப்படியே அழைத்தார்கள். அவ்வளவு இலங்கைப் பெண்கள், அவர்களுள் தமிழ்ப் பெண்களும், அந்த வீடுகளில் உழைத்திருக்கிறார்கள். 2006 போரின்போது முதலாளிகள் சிலர் பணிப்பெண்ணை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தப்பிப் போனதாகச் செய்திகள் வந்தன. ‘தஹ்த் அல்-கஸ்ஃப்’ அதே போரைப் பற்றிய படம். ஆனால் அதன் கதை அந்தப் பூட்டிய வீடுகளின் பக்கம் போவதில்லை. லபக்கியின் படத்தில் வரும் ஊருக்கு வெளிநாட்டுப் பெண்கள் வருகிறார்கள், ஆண்களின் கவனத்தைத் திருப்புவதற்காக. ‘இன்சிரியேட்டட்’ மட்டுமே, போருக்குள் வாழும் பெண்கள் என்ற தொகையில் அந்தப் போரோடு எந்த உறவும் இல்லாத, ஊருக்குப் போகவும் வழியில்லாத கூலிப்பெண் ஒருத்தியைச் சேர்க்கிறது. செய்தியை முதலில் கையில் வைத்திருந்தவளும் அவளே. அதைச் சொல்லும் உரிமை இல்லாதவளும் அவளே.

அந்தப் பாத்திரத்தை ஜூலியட் நவிஸ் என்ற பிரெஞ்சு நடிகையிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலான செய்தி. அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்றும் உண்டு. இந்த நான்கில் அரபியர் அல்லாத ஒருவர் இயக்கிய ஒரே படம் இதுதான்: ஃபிலிப் வான் லியூ பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர், இதற்கு முன் ருவாண்டா இனப்படுகொலையைப் பற்றி ஒரு படம் எடுத்தவர். இரண்டு பெண் இயக்குநர்களின் படங்களை ஒதுக்கிவிட்டு வெளியாள் ஒருவரின் படத்தைத் திரையிடலாமா? மேலும், வீட்டைச் சுற்றி விழும் குண்டு யாருடையது, சுடுபவன் எந்தத் தரப்பு என்று படம் எங்குமே சொல்வதில்லை. 2011 மார்ச்சில் தெருவில் இறங்கிய மக்களின் மீது அரசே திருப்பிய போர் அது. 2017க்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார்கள். அதைப் பெயரில்லாத இடிமுழக்கமாக மாற்றிவிட்டது படத்தின் குறை என்றே கருதுகிறேன். சன்னல் திரையை விலக்கக்கூட அஞ்சும் பெண்களுக்கு வெளியே யார் சுடுகிறார்கள் என்பது அந்த நேரத்தில் பொருட்டல்ல என்று படத்தின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். டமாஸ்கஸ்காரர்களுக்கு அது எப்போதும் பொருட்டாகவே இருந்திருக்கும் என்பது என் பதில். படம் எடுக்கப்பட்டது பெய்ரூட்டில்.

இந்தக் குறைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரையிடலாம் என்பதால் அவை தேர்வைத் தடுக்கவில்லை. நடைமுறையும் இதற்குச் சாதகம்: சுமார் 85 நிமிடம்தான் ஓடுகிறது, ‘வ ஹல்ல லவேன்’ அதைவிட ஏறத்தாழ அரைமணி நேரம் கூடுதல். 1948இன் வரலாறோ லெபனானின் மதப்பிரிவுகளின் கணக்கோ தெரியாமல் வருகிறவருக்கும், கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வி உடனே புரியும். உரையாடல்கள் குறுகியவை, ஆங்கில வசன வரிகளை மெதுவாகப் படிப்பவர்களும் பின்தங்க மாட்டார்கள். 2017 பெர்லின் விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருதை வென்றதும் இந்தப் படமே. நடுவர் குழுவைக் காட்டிலும் அரங்கில் அமர்ந்தவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது எங்களைப் போன்ற குழுவுக்குப் பொருத்தமான சான்று.

தடையாக எஞ்சுவது அந்த வன்கொடுமைக் காட்சி. அது நீளமானது. உடலைக் காட்சிப்பொருளாக்காமல் எடுக்கப்பட்டிருக்கிறது என்றாலும், பார்ப்பவரைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. எங்கள் கூடுகைக்குச் சிலர் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வருவது வழக்கம். இந்த மாதம் வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பிள்ளைகளோடு வந்தே ஆக வேண்டும் என்று பலர் சொன்னால், என் தேர்வை மாற்றிக்கொண்டு ‘வ ஹல்ல லவேன்’ படத்தையே போடலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றபடி இந்த மாதம் ‘இன்சிரியேட்டட்’, மூன்று மாதம் கழித்து 1948 பற்றிய சிறு அறிமுகத்தோடு ‘ஃபர்ஹா’ என்று குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். திரையிடும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: படம் தொடங்குமுன் அந்தக் காட்சி இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வாசலை ஒட்டிய ஒரு வரிசை நாற்காலிகளைக் காலியாக வைத்து, இடையில் எழுந்து போக விரும்புகிறவர்களுக்காகக் கதவைத் தாழிடாமல் விடுவது.